எண்ணெய் உறையாத அறை

கனடாவுக்கு மேசை விசிறி கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள் நான்தான் என்று என் மனுசன் ரொறன்ரோ முழுக்கச் சொல்லித் திரிந்தார். ரொறன்ரோ முழுக்க என்றால் பெரிய கூட்டம் இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்களுக்குத் தெரிந்த தமிழாக்கள் எல்லாரையும் ஒரு வானுக்குள் ஏற்றிவிடலாம். அத்தனை பேருக்கும் சொன்னார். சிரிக்காதவர்களுக்கு இரண்டாம் தரமும் சொன்னார்.

விசிறியைத் தந்தது என் அண்ணன். கலியாணப் பரிசு. "வெள்ளைக்காரன்ர நாடெண்டாலும் வெயில் வெயில்தானே, கொண்டு போ," என்றார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கனடா என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய மனுசன் எனக்கு முன்னமே இங்கே வந்து இருந்துகொண்டு, ஸ்னோ கொட்டுவது பார்க்க நல்ல வடிவு என்று எழுதிக்கொண்டிருந்தார். வடிவாம். காலுக்கு என்ன போட வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. நான் சேலைகளுக்கு நடுவில் விசிறியைப் பொதிந்து கொண்டு வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி விசிறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெட்டியை மூடித் தந்துவிட்டான். அவன் நல்லவன்.

நான் வந்தது ஆடி மாதம். ஆடியில் ரொறன்ரோவும் வேகும். அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவர் பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இங்கத்தைய பிளக் ஒன்று பூட்டித் தந்தார். எங்கள் ஊர்க் கரண்டில் பாதி பலம்தான் இந்த ஊர்க் கரண்டுக்கு. சுவிட்சைப் போட்டதும் விசிறி முனகியது. அசையவில்லை. விரலால் இதழைத் தட்டிவிட்ட பிறகு, மத்தியானம் படுத்த எருமை எழும்புகிற மாதிரி எழும்பி, மெல்ல மெல்லச் சுற்றியது. இதழை ஒவ்வொன்றாக எண்ணலாம். முகத்தை ஒட்டி வைத்தால்தான் காற்று.

"உது ஃபான் இல்லை, மணிக்கூடு. நேரம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு இவர் நிலத்தில் இருந்து சிரித்தார்.

அந்த மணிக்கூட்டாலேயே அவர் மண்டையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டது என் பிழை.

முதல் குளிர் மாரியை ஒரு அப்பார்ட்மென்றில் கழித்தோம். சூடு தானாக வந்தது, நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அடுத்த வருசம் இவருக்கு முற்றத்தோடு வீடு வேண்டும் என்று ஒரு விசர் பிடித்தது. ஸ்காபரோவில் ஒரு சின்னப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தார். முன்னால் ஒரு அறை, அதற்குப் பக்கத்தில் குசினி, பிறகு ஒரு நீட்டு நடை, நடையின் கடைசியில் படுக்கிற அறை. நிலவறையில் வீட்டைச் சூடாக்க ஒரு எண்ணெய்ச் சூளை இருந்தது. அது எப்போதோ செத்துவிட்டது. எண்ணெய் விலை ஏறின காலம் என்றபடியால் வீட்டுக்காரன் அதைத் திருத்தாமல், முன் அறையில் ஒரு இரும்பு விறகு அடுப்பைக் கொண்டு வந்து இருத்தி, புகைக்குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் விட்டுவிட்டு, ஒஷாவாவுக்குப் போய்விட்டான். போன் பண்ணினால், "அது அருமையான அடுப்பு," என்பான். அருமையான அடுப்புத்தான். முன் அறையில் இருந்தால் கண் பிதுங்கும். நடையில் நின்றால் மூக்கு ஒழுகும். படுக்கிற அறையில் யன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமாகப் பனிக்கட்டி படர்ந்து கிடக்கும்.

மின்சார ஹீற்றர் ஒன்று வாங்கி வைத்தோம். அதைப் போட்ட உடனேயே ஃபியூஸ் போய் வீடு முழுக்க இருண்டது. பெரிய ஃபியூஸ் போடலாமா என்று இவர் யோசித்தார். வீட்டோடு எரிந்து போவோமா என்று நான் கேட்டேன். ஹீற்றர் பெட்டிக்குள் போனது.

அப்போது நான் பிள்ளைத்தாச்சி. மாசியில் பிள்ளை. பிள்ளையையும் என்னையும் எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை தொடங்கியது.

இவருக்கு ஒரு தமக்கை. எனக்கு மச்சாள். பிறம்ரனில் அப்பார்ட்மென்ற் வீடு. இவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அவதான். அதனால் அவ சொன்னால் இவருக்குத் தலை தானாக ஆடும். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும் வரைக்கும் நான் பிறம்ரனில் இருக்க வேண்டும் என்று மச்சாள் முடிவெடுத்துவிட்டா. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அங்கே போனால் என்ன என்று கேட்பீர்கள். நான் கனடாவுக்கு வந்த புதிதில் அந்த வீட்டில் தங்கியிருக்கிறேன். நான் வெங்காயம் உரித்தால் பின்னால் வந்து நிற்பா. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி ஊத்தினது காணும் பிள்ளை, வெளியில வா," என்பா. கறியில் நான் உப்புப் போட்ட பிறகு தானும் போடுவா, பிறகு உப்புக் கூடிப்போச்சு என்று என்னைப் பார்ப்பா. நான் வாய்க்காரி, ஒத்துக்கொள்கிறேன். அவ என்னிலும் பெரிய வாய்க்காரி. பச்சை உடம்போடு, கையில் பிள்ளையோடு, பதில் சொல்ல மூச்சில்லாமல், அந்த வீட்டில் அத்தனை நாள் படுத்துக் கிடப்பதை நினைத்தால் எனக்குப் பிள்ளை பெறவே விருப்பமில்லாமல் போனது.

ஒரு நாள் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "நான் என்ர வீட்டிலதான் இருப்பன்," என்றேன்.

மச்சாள் எங்கள் படுக்கிற அறைக்குள் வந்தா. யன்னல் தட்டில் என் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தா. ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே மெழுகுதிரி மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. நானே தினமும் கொண்டை ஊசியால் கிண்டித்தான் தலைக்கு வைப்பது.

"இதைப் பார் தம்பி," என்று இவரிடம் காட்டினா. "தேங்காயெண்ணெய் உறையிற அறையில பச்சைப் பிள்ளையை வைக்கிறதோ? எண்ணெய்க்கே ஏலாதாம், பிள்ளைக்கு ஏலுமோ?"

"முன் அறையில வைக்கலாம்," என்றேன்.

"புகைக்குள்ளையோ? ஒவ்வொரு முறை விறகு கொண்டு வரேக்கையும் வாசல் கதவு திறக்குது. கட்டில் எங்க போடுவாய், அடுப்புக்கு மேலையோ?"

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "இந்த அறையைச் சூடாக்கிக் காட்டுறன்," என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

"சரி. வாற கிழமைக்கு அடுத்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை வருவன். என்ர வீட்டுப் போத்தலோட வருவன். இந்த அறையில வைப்பன். உருகினால் நீ இஞ்ச இரு. உருகாட்டி அண்டைக்கே பெட்டியைக் கட்டு. என்ன?"

"ஓம்," என்றேன். இவரும் ஓம் என்றார். இவர் யாருக்கு ஓம் சொன்னார் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

இவர் ஒரு கந்தோரில் படம் கீறுகிற வேலை. கட்டடத்துக்குள் குழாய் எப்படிப் போகும், தண்ணி எப்படிப் போகும் என்றெல்லாம் கீறுவார். அதே கந்தோரில் மதுரைக்காரர் ஒருவரும் வேலை செய்தார். நாற்பது வயசிருக்கும், நல்ல வண்டி வயிறு. மனைவி மதுரையில் இருந்தபடியால் சனி ஞாயிறு சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என்னைச் சிஸ்டர் என்பார், இவரைச் சார் என்பார். என் மீன் குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தரமும் ஊற்றிக்கொள்வார். நான் பிறம்ரனுக்குப் போனால் அவரும் பட்டினி. அதனால் அவருக்கும் இதில் அக்கறை இருந்தது.

"சார், இது ரொம்ப சிம்பிள்," என்றார். "சூடு இங்க இருக்கு. அங்க போகணும். தள்ளி விட்டாப் போச்சு."

இரண்டு பேரும் தள்ளத் தொடங்கினார்கள். இவர் கடதாசியில் வீட்டை மேலிருந்து பார்த்த மாதிரிக் கீறி, அம்புக்குறி போட்டார். அம்புக்குறி அடுப்பிலிருந்து கிளம்பி, நடை வழியாக வளைந்து, கட்டிலில் போய் முடிந்தது. கடதாசியில் அறை நன்றாகச் சூடாகிவிட்டது.

என் விசிறியைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுப்புக்குப் பின்னால் ஒரு ஸ்ரூலில் வைத்து, நடையைப் பார்க்க விட்டார்கள். நான் தட்டிவிட மணிக்கூடு சுற்றியது. முன் அறை இன்னும் வெந்தது. நடையில் அரைவாசித் தூரம் போனால் சூடு செத்துவிட்டது. படுக்கிற அறையில் எண்ணெய் கல்லு மாதிரி இருந்தது.

"உம்முடைய ஃபானுக்குப் பலம் இல்லை," என்றார் இவர்.

"ஃபானுக்குப் பலம் இல்லையெண்டால் நீங்கள் வாயால ஊதுங்கோ," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மதுரைக்காரர் ஒரு சாமானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். பழைய கார்கள் உடைக்கிற இடத்தில் வாங்கினாராம். காரின் ஹீற்றரிலிருந்து கழற்றின புளோவர். உருண்டையாக, நத்தை ஓடு மாதிரி, ஒரு பக்கம் வாய். அதை ஓட்டுவதற்கு ஒரு கார் பற்றரியும் கொண்டு வந்திருந்தார். அத்தனையையும் பஸ்ஸில் கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் எழும்பி வேறு இடத்துக்குப் போனானாம்.

"இது புயல், சிஸ்டர். இனிமே உங்க ரூம்ல வேர்க்கும்."

அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வயரைப் பற்றரியில் வைத்தார். புயல்தான். அடுப்பின் சாம்பல் தட்டு அரைவாசி திறந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு ஊதலில் உள்ளே கிடந்த சாம்பல் முழுக்க அறைக்குள் வந்தது. யன்னல் திரை, சோபா, சுவாமிப் படம், நான் இறக்கி வைத்திருந்த பிட்டு, எல்லாவற்றுக்கும் மேல் சாம்பல். மதுரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வயரைத் தேடினார். இவர் இருமிக்கொண்டு மதுரைக்காரரைத் தேடினார். சாம்பல் அடங்கியபோது இரண்டு பேரும் திருநீற்றில் புரண்ட சாமியார்கள் மாதிரி நின்றார்கள்.

"புட்டு போச்சா?" என்றார் மதுரைக்காரர். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் அன்று கத்தின கத்து ஸ்காபரோ முழுக்கக் கேட்டிருக்கும். "ரெண்டு படிச்ச ஆம்பிளையள்! ஒரு வீட்டில சூடு இருக்கு, அதை இருபது அடி கொண்டுபோகத் தெரியேல்லை! நான் அங்க விறைச்சுச் சாகிறன், நீங்கள் இஞ்ச அடுப்புக்குப் பக்கத்தில இருந்து படம் கீறுறியள்!"

"நீர் கத்தாதையும், உடம்புக்குக் கூடாது," என்றார் இவர்.

அதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் விசிறியைத் தூக்கினேன். பிள்ளைத்தாச்சி பாரம் தூக்கக்கூடாது என்று இரண்டு பேரும் பின்னால் ஓடி வந்தார்கள். நடை முழுக்க அதைக் கொண்டுபோய், படுக்கிற அறை வாசலுக்கு உள்ளே நிலத்தில் வைத்து, முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, சுவிட்சைப் போட்டு, இதழைத் தட்டிவிட்டேன்.

"இந்தாங்கோ குளிர். எவ்வளவு நாளுக்கு நான் ஒராளாய் வைச்சிருக்கிறது? நீங்களும் கொஞ்சம் வைச்சிருங்கோ!" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் ஏறி மூன்று கம்பளியையும் இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். அவர்கள் போய்விட்டார்கள். சாம்பல் கூட்டுகிற சத்தம் கேட்டது.

படுத்து அழுதேன். எதற்கு அழுதேன் என்றால் தோற்றுவிட்டேன் என்றுதான். பிறம்ரன் குசினி கண்ணுக்கு முன்னால் வந்தது. மச்சாளின் உப்புப் போத்தல் வந்தது. அழுதுகொண்டே நித்திரையாகிவிட்டேன்.

முழிப்பு வந்தபோது ஒரு கம்பளி நிலத்தில் கிடந்தது. நான்தான் காலால் தள்ளியிருக்கிறேன். இரண்டாவதும் பாரமாக இருந்தது. மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தேன். மூக்கு மூக்கு மாதிரி இருந்தது. யன்னலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணி வடிந்துகொண்டிருந்தது. முன் அறையிலிருந்து மதுரைக்காரரின் குரல் வந்தது.

"சார், என்ன சார் இது, கால் ஐஸ் மாதிரி ஆகுது? அடுப்பு எரியுதுல்ல?"

"எரியுது. எனக்கும் முழங்காலுக்குக் கீழ விறைக்குது."

நான் சிரிக்கத் தொடங்கினேன். என்ன நடந்தது என்று விளங்கவில்லை, ஆனால் அவர்களுக்குக் குளிர்கிறது, எனக்குக் குளிரவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு நல்லது எனக்கு நடந்ததில்லை. வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்தது. நான் கொஞ்ச நேரம் படுத்திருந்து அனுபவித்தேன். பிறகு இரண்டு பேரும் சந்தேகப்பட்டு நடை வழியாக வந்தார்கள். சொக்ஸோடு வந்த மதுரைக்காரர் வாசலில் நின்றுவிட்டார். கையை உயர்த்தினார். தாழ்த்தினார்.

"சிஸ்டர், ஊதுபத்தி இருக்கா?"

சுவாமிப் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து வந்து கொளுத்தினோம். வாசலில் நிலத்தோடு பிடித்தால் புகை விசிறியோடு சேர்ந்து வெளியே முன் அறைப் பக்கம் ஓடியது. கதிரையில் ஏறி நிலையின் மேல்சட்டத்தை ஒட்டிப் பிடித்தால் அதே புகை திரும்பி அறைக்குள்ளே வந்தது. விசயம் அவ்வளவுதான். குளிர் நிலத்தில் கிடக்கிறது. அதை வெளியே தள்ளினால், போன இடத்தை நிரப்ப மேலால் சூடு தானாக வருகிறது. இத்தனை நாளாக இவர்கள் சூட்டைப் பிடித்து, குளிர் நிறைஞ்ச அறைக்குள் திணிக்கப் பார்த்தார்கள். நிறைஞ்ச வாளிக்குள் தண்ணி ஊற்றின மாதிரி. மணிக்கூடு மெல்லச் சுற்றியதும் நல்லதாய்ப் போயிற்று. புயலாக இருந்தால் மேலே வருகிற சூட்டையும் கலக்கி அடித்திருக்கும்.

பிறகு மூன்று பேருக்கும் விசர் பிடித்தது. வீடு முழுக்க ஊதுபத்தியோடு திரிந்தோம். மதுரைக்காரர் நடையில் கதிரை போட்டு ஏறி, "இதோ வருது, இதோ வருது," என்று தேர் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டார். இவர் நிலத்தில் குப்புறப்படுத்து, கன்னத்தை வைத்துக் குளிர் பார்த்தார். நான் சொக்ஸைக் கழற்றிச் சுவரில் எறிந்தேன். வீடு கோயில் மாதிரி மணத்தது. இவர் எழும்பிப் போய்க் கடதாசியை எடுத்து, பழைய அம்புக்குறியை அழித்து, மறுபக்கம் பார்த்துக் கீறினார். கீறிவிட்டு, "நான் முதலே இப்பிடித்தான் யோசிச்சனான்," என்றார். நான் ஊதுபத்தி நெருப்பை அவருக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சாள் வந்தா. அவவின் மனுசன் காரில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனார். ஒரு கையில் கத்தரிக்காய்க் குழம்புச் சட்டி, என் சமையலில் நம்பிக்கை இல்லாதபடியால். மறு கையில் எண்ணெய்ப் போத்தல். காரில் வந்த குளிருக்கு அது கல்லாக இறுகியிருந்தது. கோட்டைக் கழற்றாமல் நேராக அறைக்குப் போனா. வாசலில் விசிறியைக் கண்டா.

"ஐயோ! இதென்ன? குளிருக்குள்ள ஃபான் போடுற சனத்தை இண்டைக்குத்தான் காணுறன்! தம்பி, உனக்கும் மூளை கழண்டிட்டுதே?" என்று சொல்லிக் குனிந்து சுவிட்சை நிறுத்தினா.

"மச்சாள், அதுதான்..."

"வாயைத் திறவாதை."

இவர் போத்தலை வாங்கி அலுமாரிக்கு மேல் வைக்கப் போனார். மேலே சூடு கூட என்று அவருக்கு இப்போது தெரியும்.

"பிள்ளையை அலுமாரிக்கு மேலையோ வளர்க்கப் போறாய்? இஞ்ச கொண்டா," என்று மச்சாள் பறித்து, வாங்கி வைத்திருந்த தொட்டிலுக்குள் மெத்தையில் போத்தலைப் படுக்க வைத்தா. "சாப்பிட்டிட்டு வந்து பாப்பம்."

எல்லாரும் முன் அறைக்கு வந்தோம். மச்சாள், என்னைக் கூட்டிக்கொண்டு போகிற எண்ணத்தில் கோட்டைக் கழற்றாமலே, அடுப்புக்குப் பக்கத்துச் சோபாவில் இருந்தா. மதுரைக்காரர் விறகைத் திணித்துக்கொண்டு, மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். மச்சாளுக்குக் கோயில் கதை என்றால் உயிர். நான் இவரைக் குசினிக்குள் இழுத்து, "போய் ஃபானைப் போடுங்கோ," என்றேன். போனார். பெருமையோடு திரும்பி வந்தார்.

"சுத்துதோ?"

"சத்தம் கேக்குது."

"சத்தம் கேட்டால் சுத்துதெண்டோ? தட்டினீங்களோ இல்லையோ?"

"தட்டுறதோ?"

இந்த மனுசன் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவர். நான் கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடையில் போனேன். விசிறி முனகிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். முடியவில்லை. வயிறு விடவில்லை. முழங்காலில் இருந்தால் எழும்ப யாராவது வர வேண்டும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, வலது காலை நீட்டி, முன் வலைக்கு நடுவே பெருவிரலை விட்டு இதழை ஒரு தள்ளுத் தள்ளி, காலை இழுத்துக்கொண்டேன். எருமை எழும்பியது. இந்த ஊரின் பாதிக் கரண்டுக்கு நான் முதல் தரமாக நன்றி சொன்னேன். முழுக் கரண்டாக இருந்திருந்தால் விரல் போயிருக்கும்.

சாப்பிடத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் மச்சாள் காலை மாற்றி மாற்றி வைத்தா. பிறகு குனிந்து பார்த்தா.

"என்னடா தம்பி, காலடியால குளிர் ஓடுது?"

காலடியால் குளிர் ஓடினால் அறைக்குள் மேலால் சூடு ஓடுகிறது. மச்சாளுக்குத் தெரியாது.

"பழைய வீடும்மா, அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லி மதுரைக்காரர் சோபா மெத்தை ஒன்றை எடுத்து அவவின் காலுக்குக் கீழே வைத்தார். "நீங்க ஆயிரங்கால் மண்டபம் பாத்திருக்கீங்களா?" அவருக்கு நெற்றியால் வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. இவர் சிரிப்பை அடக்கத் தண்ணி குடித்து, புரைக்கேறி, இருமி, எழும்பிப் போனார். நான் குழம்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நல்ல ருசி. அதையும் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்து ஊர்வலமாக அறைக்குப் போனோம். மச்சாள் தொட்டிலுக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்தா. ஓரம் முழுக்கக் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி மிதந்தது.

"உறைஞ்சுதான் கிடக்கு."

"உருகுது," என்றேன்.

"கட்டி தெரியுது."

"தண்ணியும் தெரியுது."

அப்போதுதான் விசிறியைக் கண்டா. "ஆர் போட்டது?"

இவர் சுவரைப் பார்த்தார். மதுரைக்காரர் இவரைப் பார்த்தார்.

"நான்தான்," என்றேன். "என்ர ஃபான். என்ர அண்ணன் தந்தது. ஊர் முழுக்கச் சிரிச்ச ஃபான். கையை நிலையின்ர மேல்சட்டத்தோட பிடிச்சுப் பாருங்கோ மச்சாள். பிடிச்சுப் பாத்திட்டுப் பிறகு கதையுங்கோ."

இவ்வளவு காலத்தில் மச்சாளை நான் ஏவியது அதுதான் முதல் தரம். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு கோட்டுக் கையைச் சுருட்டி, வாசல் நிலையின் மேல்சட்டம் வரைக்கும் கையைத் தூக்கினா. முகம் மாறியது. குனிந்து நிலத்தோடு பிடித்தா. இழுத்துக்கொண்டா. திரும்ப மேலே. திரும்பக் கீழே. பெரிய உடம்பு. எழும்பிக் குனிந்து, எழும்பிக் குனிந்து, மூச்சு வாங்கினது.

"இதென்னடா அதிசயம்," என்றா. "குளிர் போகுது, சூடு வருது. ஒரு வாசலாலையோ?"

"நான்தான் பிளான் கீறினது, அக்கா," என்றார் இவர்.

"நீ வாயைப் பொத்து."

மச்சாள் கட்டிலில் இருந்துகொண்டு, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தா. கையில் வைத்தால் கைச் சூட்டில் உருகும் என்று தானே நினைத்து, திரும்பத் தொட்டிலில் வைத்தா. நேர்மையான மனுசி, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மூன்று பேரும் சுவரோடு நின்று தொட்டிலுக்குள் பார்த்தோம். பிள்ளை பார்க்க வந்த ஆட்கள் மாதிரி. கட்டி புளியங்கொட்டை அளவாகியது. அரிசி அளவாகியது. மச்சாள் கோட்டைக் கழற்றினா. சுவெற்றரைக் கழற்றினா. சொக்ஸையும் கழற்றினா.

கட்டி காணாமல் போனது.

மதுரைக்காரர் கையைத் தட்டினார். நான் கையைத் தட்டவில்லை. நான் ஆடினேன். அந்த வயிற்றோடு, தொட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடினேன். எனக்கு ஆடவும் தெரியாது. இவர் வந்து பிடிக்கப் பார்த்து, சிரிப்பு வந்து, அவரும் கட்டிலில் இருந்துவிட்டார். மச்சாள் போத்தலை எடுத்துச் சாய்த்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, என் உச்சியில் தேய்த்துவிட்டா.

"சரி. நீ இஞ்சையே இரு," என்றா. பிறகு அப்படியே கட்டிலில் சாய்ந்தா. சாய்ந்தவ நித்திரையாகிவிட்டா. குறட்டையும் விசிறியும் ஒரே தாளத்தில் போயின. நாங்கள் நுனிக்காலில் வெளியே வந்து, குசினியில் நின்று தேத்தண்ணி குடித்து, குடித்த தேத்தண்ணி மூக்கால் வரச் சிரித்தோம். நான் வென்றுவிட்டேன். பிறம்ரன் இல்லை. உப்புப் போத்தல் இல்லை. என் வீடு, என் அறை, என் விசிறி.

மச்சாளின் மனுசன் வந்து ஹோர்ன் அடித்தபோது அவ எழும்பி வந்தா. கன்னத்தில் தலையணைக் கோடு. முகம் பூ மாதிரி இருந்தது.

"நல்ல நித்திரை, பிள்ளை. எங்கட அப்பார்ட்மென்றில சூடு காய்ஞ்ச சூடு, மூக்கெல்லாம் வறண்டு இரத்தம் வருது. உன்ர அறையில மெத்தெண்டு இருக்கு." கோட்டைப் போட்டா. பொத்தானைப் பூட்டினா. "நீ ஒண்டுக்கும் யோசியாதை. பிள்ளை பிறந்தவுடன நான் இஞ்ச வாறன். துடக்குக் கழியுமட்டும் உன்னோடதான். அவர் அங்க தனிய இருக்கட்டும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தலை தானாக ஆடியது.

பிள்ளை பிறந்து நாங்கள் ஆஸ்பத்திரியால் வரமுதலே மச்சாள் வந்துவிட்டா. சட்டி, பானை, மிளகாய்த்தூள், தன் உப்புப் போத்தல் எல்லாத்தோடும். முன் அறைச் சோபாவில் இவர் படுத்தார், காலடியால் குளிர் ஓட. கட்டிலில் நானும் மகளும் மச்சாளும். முதல் நாளே, உப்புப் போதும் என்று நான் சொன்ன பிறகும், கறியில் திரும்ப உப்புப் போட்டா. நான் படுத்த படுக்கையில் கத்தினேன். அவ குசினியிலிருந்து கத்தினா. நடுவில் நடை முழுக்க எங்கள் சத்தம், அதற்குக் கீழால் குளிரும் மேலால் சூடும்.

மச்சாள் விடிய அடுப்புக்கு விறகு போட்டுவிட்டு வந்து, ஒரு கையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு, மறு கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலின் பெருவிரலால் விசிறியைத் தட்டிவிடுவா. நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே கண்டுபிடித்திருக்கிறா. பார்க்க வருகிற ஆட்களிடம், "தொடாதையுங்கோ, உதுக்கு ஒரு முறை இருக்கு," என்பா.